அரசுப் பேருந்தை ஓட்டுபவர் அரசு ஊழியர் அல்லர்

புதுதில்லி: 2019 நவம்பர் 18-ஆம் தேதி நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. தெலங்கானாவில் சுமார் 48 ஆயிரம் அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி அப்போது ஆறு வாரங்களைக் கடந்திருந்தது. வேலை பார்த்து முடித்த செப்டம்பர் மாதத்தின் ஊதியம்கூட அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

அந்தப் போராட்டக் களத்திலிருந்து மக்களவைத் தலைவரின் மேசையை எட்டிய புகார் ஒன்று உண்டு. அது ஊதியம் பற்றியதும் அன்று. ஓய்வூதியம் பற்றியதும் அன்று. போராட்டக் கூட்டத்துக்குச் சென்றபோது மாரடைப்பால் இறந்த ஓட்டுநர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் போலீஸார் தம்மைத் தாக்கினர் என்று கரீம்நகர் தொகுதி பாஜக உறுப்பினர் பண்டி சஞ்சய் குமார் அளித்த உரிமை மீறல் புகார் அது.

உறுப்பினரின் உரிமை மீறப்பட்டால் அதை விசாரிக்க அவைக்கு ஒரு குழு இருக்கிறது. பாடையில் கிடந்தவரின் உரிமை பற்றிக் கேட்டால், பேருந்துப் போக்குவரத்து மாநில அரசின் பொறுப்பு என்ற பதிலே தில்லியில் வழக்கமாகக் கிடைக்கும். பேருந்துக் கழகங்களைத் தோற்றுவித்த சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அவற்றின் தொழிலாளர்களுக்குரிய ஓய்வூதியத் திட்டம் மத்திய அரசின் அறிவிக்கையால் நடப்பது. அவர்களது வேலை நேரத்தை வரையறுத்ததும் மத்தியச் சட்டமே. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல், ஹைதராபாதிலும் மும்பையிலும் நடந்த இரு பெரும் வேலைநிறுத்தங்களின் காரணம் விளங்காது.

1950-ஆம் ஆண்டுச் சட்டம்

இரு போராட்டங்களிலும் முதன்மைக் கோரிக்கை ஊதிய உயர்வன்று. "கழகத்தை அரசோடு இணையுங்கள், எங்களை அரசு ஊழியர்களாக்குங்கள்' என்பதே. அரசுப் பேருந்து என்று எழுதியிருக்கும் வண்டியை ஓட்டுபவர் அரசு ஊழியர்தானே என்று பயணி எண்ணுவது இயல்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம் 1950-இல் நிறைவேறியது. மாநில அரசு ஒரு கழகத்தை அமைக்கலாம். மத்திய அரசும் மாநில அரசும் அதற்கு மூலதனம் தரலாம். ஆனால் கழகம் தனி அமைப்பு. அது வணிகக் கோட்பாடுகளின்படி இயங்க வேண்டும் என்கிறது 22-ஆவது பிரிவு. பன்னிரண்டு பிரிவுகள் தள்ளிப் போனால், 34-ஆவது பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. ஆளெடுப்பு, பணி நிபந்தனை, தொழிலாளர் ஊதியம் உள்ளிட்டவை குறித்து மாநில அரசு கழகத்துக்கு உத்தரவிடலாம். பயணக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரமும் மோட்டார் வாகனச் சட்டப்படி மாநில அரசிடமே இருக்கிறது.

ஆக, விலையை அரசு வைக்கும். கூலியை அரசு சொல்லும். எந்தக் குக்கிராமத்துக்கு வண்டி போக வேண்டும் என்பதையும் நடைமுறையில் அரசே தீர்மானிக்கும். இழப்பு வந்தால் மட்டும் அது கழகத்தின் இழப்பு. இத்தகைய வணிகத்தை எந்த வணிகரும் செய்ய மாட்டார்.

தெலங்கானா முதல்வராக இருந்த கே. சந்திரசேகர ராவ், கழகம் இழப்பில் மூழ்கியிருப்பதைச் சுட்டியே இணைப்புக் கோரிக்கையை நிராகரித்தார். 2019 அக்டோபர் 5-ஆம் தேதி மாலைக்குள் பணிக்குத் திரும்பாதவர்கள் தங்களைத் தாங்களே வேலையிலிருந்து நீக்கிக்கொண்டவர்கள் என்று அறிவித்தார். கழகத்தில் இனி 1,200 பேர்தான் ஊழியர்கள் என்றார். ஒரு வாரத்துக்குள் கம்மத்தில் ஓட்டுநர் ஒருவர் தீக்குளித்து மாண்டார்.

உயர் நீதிமன்றத்தில் அப்போதைய தலைமை நீதிபதி ஆர்.எஸ். சௌஹான் தலைமையிலான அமர்வு நாள் தவறாமல் கேட்ட கேள்விகள் இந்தப் போராட்டத்தின் முக்கியமான ஆவணம் என்றே சொல்லலாம். நான்கு கோரிக்கைகளை நிறைவேற்ற 47 கோடி ரூபாய் தர முடியுமா என்று நீதிமன்றம் அரசைக் கேட்டது. கழகத்துக்கு அரசு தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்பதில் அதிகாரிகள் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. நீதிபதிகள் அதைக் கடுமையாகக் கண்டித்தனர். உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதிகள் மூவர் கொண்ட குழுவை அமைக்கலாம் என்ற யோசனையை மாநில அரசு ஏற்கவில்லை.

மத்திய அரசின் வழக்குரைஞர் எழுந்து நின்றபோதுதான் விநோதம் நேர்ந்தது. ஒன்றுபட்ட ஆந்திரக் கழகத்தில் மத்திய அரசுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மூலதனம் உண்டு. அக்கழகம் சட்டப்படி இன்னும் பிரிக்கப்படவில்லை. தெலங்கானா கழகத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தரவில்லை என்று அவர் தெரிவித்தார். 48 ஆயிரம் பேர் தங்களை வேலைக்கு வைத்திருப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களை வேலைக்கு வைத்திருந்த கழகம் சட்டப்படி இருக்கிறதா என்பதே அன்று நீதிமன்றத்தில் கேள்வியாகிவிட்டது.

2,835 ரூபாய்

அரசு ஊழியர் என்ற பெயருக்கு ஏன் இத்தனை போராட்டம்? கௌரவம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஓய்வூதியம்.

பேருந்துக் கழகத் தொழிலாளர்கள் வருங்கால வைப்பு நிதியின் கீழ் வருபவர்கள். அவர்களுக்குரியது 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். ஊதியத்தில் 8.33 சதவீதம் நிர்வாகத்தின் பங்கிலிருந்து அதற்குச் செல்லும். மத்திய அரசு 1.16 சதவீதம் தரும். முழு ஊதியத்துக்கும் இந்தக் கணக்கு கிடையாது, உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு 6,500 ரூபாயாக இருந்து, 2014 செப்டம்பரில் 15 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. இந்த இரு போராட்டங்களின் காலத்திலும் அதுவே வரம்பு.

ஓய்வூதியத்தைக் கணக்கிடப் பெரிய படிப்பு தேவையில்லை. வரம்புக்கு உட்பட்ட ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். 1989-இல் சேர்ந்து 2019-இல் ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1995 நவம்பர் முதல் 2014 ஆகஸ்ட் வரை ஏறத்தாழ 19 ஆண்டுகள். அதற்கு 6,500 ரூபாய் வரம்பில் 1,764 ரூபாய். எஞ்சிய 5 ஆண்டுகளுக்கு 15 ஆயிரம் வரம்பில் 1,071 ரூபாய். கூட்டினால் 2,835 ரூபாய். 20 ஆண்டு பணி முடித்தவர்களுக்கான இரண்டாண்டுச் சலுகையையும், 1995-க்கு முந்தைய பணிக்கான சிறு தொகையையும் சேர்த்தால் மூவாயிரத்தைச் சற்றே தாண்டும். முப்பதாண்டு வண்டி ஓட்டியவருக்கு மாதந்தோறும் கிடைப்பது இதுதான். விலைவாசி ஏறினாலும் இது ஏறாது. அகவிலைப்படி இத்திட்டத்தில் இல்லை.

அதே ஆண்டில் அதே ஊரில் அரசுத் துறை ஜீப்பை ஓட்டச் சேர்ந்தவருக்குக் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும். அதற்கு மேல் அகவிலைப்படியும் உண்டு. இணைப்புக் கோரிக்கையின் பொருளாதாரம் முழுவதும் இந்த இரு ஓட்டுநர்களுக்கு இடையில் அடங்கிவிடுகிறது.

2022 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முழு ஊதியத்தின் மீது ஓய்வூதியம் பெற விருப்பம் தெரிவிக்கத் தகுதியுள்ளோருக்கு வாய்ப்பளித்தது. ஆனால் கடந்த ஆண்டுகளுக்கான வித்தியாசத் தொகையை வட்டியுடன் செலுத்தியாக வேண்டும். நிர்வாகங்களோ தொழிலாளரின் பணத்தையே கையாண்ட கதைகள் உண்டு. தெலங்கானாவில் ஊதியத்தில் பிடித்தம் செய்த கூட்டுறவுக் கடன் சங்கப் பணத்தைக் கழகம் தன் செலவுக்கு எடுத்துக்கொண்ட விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இந்தத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2013 செப்டம்பரில், பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, குறைந்தபட்சம் மூவாயிரம் ரூபாய் தர வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. பிறகு வந்த கூட்டத்தொடர்களில் பல கட்சி உறுப்பினர்களும் இது பற்றிக் கேள்வி கேட்டுவந்தனர். நிதியின் நிலை, நீண்டகாலப் பொறுப்பு என்று ஏறக்குறைய ஒரே வாசகத்தில் பதில் வந்துகொண்டிருந்தது.

2024 ஆகஸ்ட் 24-ஆம் தேதி மத்திய அமைச்சரவை, தன் சொந்த ஊழியர்களுக்கான ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தில் 10 ஆண்டு பணி முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 10 ஆயிரம் ரூபாய் உறுதி. ரயில் ஓட்டுநர் மத்திய அரசின் ஊழியர். அவருக்கு இது உண்டு. பேருந்து ஓட்டுநருக்கு இல்லை.

மும்பையில் அதே கோரிக்கை

ஹைதராபாத் போராட்டம் முடிந்த இரண்டாம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் சிவப்புப் பேருந்துகள் நின்றன. 2021 அக்டோபர் இறுதியில் தொடங்கிய போராட்டத்தில், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி பற்றி அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களோடு அரசு உடன்பாடு கண்டது. தொழிலாளர்களோ சங்கத் தலைவர்கள் சொல்லியும் வண்டியை எடுக்கவில்லை. நவம்பர் இரண்டாவது வாரத்துக்குள் 250 பணிமனைகளும் மூடப்பட்டன. சுமார் 90 ஆயிரம் ஊழியர்களைக் கொண்ட கழகம் அது. கொரோனா காலத்தில் ஊதியம் மாதக்கணக்கில் தள்ளிப்போனதும், கடன் தொல்லையில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதும் அவர்களது சினத்துக்குப் பின்னணி.

நவம்பர் 24-ஆம் தேதி போக்குவரத்து அமைச்சர் அனில் பரப், பணிக்காலத்துக்கு ஏற்ப அடிப்படை ஊதியத்தில் 2,500 முதல் 5,000 ரூபாய் வரை உயர்வு அறிவித்தார். மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ஊதியம் தரப்படும் என்றும் உறுதியளித்தார். மாதச் சம்பளம் மாதத்தில் வரும் என்பதை ஒரு சலுகையாக அறிவிக்க வேண்டிய நிலை! பெரும்பாலோர் திரும்பவில்லை. மும்பை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் தலைமைச் செயலர் தலைமையில் அமைந்த மூவர் குழு, இணைப்பு சாத்தியமில்லை என்றது; 2022 மார்ச்சில் அறிக்கை சட்டப்பேரவைக்கு வந்தது. ஏப்ரல் 22-க்குள் பணிக்குத் திரும்புமாறும், திரும்புவோரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்றும் நீதிமன்றம் கூறியது. மறுநாளே சரத் பவாரின் மும்பை இல்லத்துக்கு முன் ஒரு கூட்டம் புகுந்து செருப்பும் கல்லும் வீசியது. ஐந்தரை மாதப் பொறுமை அப்படி வெடித்ததில் போராட்டத்தின் மீதிருந்த பரிவும் குறைந்தது, கைதுகள் தொடர்ந்தன.

ஆஸாத் மைதானத்தில் தொழிலாளர்களோடு அமர்ந்திருந்த பாஜக தரப்புத் தலைவர்களின் கட்சி 2022 ஜூன் இறுதியில் ஆட்சிக்கு வந்தது. இணைப்பு வரவில்லை. 2024 செப்டம்பரில் மீண்டும் இரு நாள் வேலைநிறுத்தம் நடந்து, 6,500 ரூபாய் ஊதிய உயர்வோடு முடிந்தது.

இன்னொன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. 2021-இல் அந்தப் பணிமனைகள் மூடிக் கிடந்தபோது மகாராஷ்டிர ஆளுநராக மும்பையில் இருந்தவர், மூவாயிரம் ரூபாய் ஓய்வூதியத்துக்குப் பரிந்துரைத்த குழுவின் தலைவரான அதே பகத்சிங் கோஷியாரிதான்.

இணைந்தவர்கள் கண்டது என்ன?

இணைப்பு முடியவே முடியாத ஒன்றா என்றால், அதுவும் இல்லை. தெலங்கானாவில் போராட்டம் முடிந்த சில வாரங்களிலேயே, அண்டை மாநிலமான ஆந்திரம் அதைச் செய்து முடித்தது. முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டியின் அரசு 2019 டிசம்பரில் சட்டம் இயற்றி, 2020 ஜனவரி 1 முதல் 50 ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களைப் பொதுப் போக்குவரத்துத் துறையின் ஊழியர்களாக்கியது. மாதத் தொடக்கத்தில் அரசுக் கருவூலத்திலிருந்து ஊதியம் வருவது சிறிய மாற்றமன்று. ஆனால் பழைய ஓய்வூதியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சங்கங்கள் அதற்காக மீண்டும் கொடி பிடிக்க வேண்டியதாயிற்று. 2004 செப்டம்பருக்குப் பின் சேர்ந்த மாநில அரசு ஊழியர்களுக்கே அந்த ஓய்வூதியம் இல்லை என்பது இதில் மறக்கக் கூடாத ஒன்று. வந்து சேர்ந்த வீட்டிலேயே அடுப்பு மாறிவிட்டது.

தில்லிக்குப் பக்கத்திலுள்ள ஹரியாணா இன்னொரு பாடம். அங்கே பேருந்துப் போக்குவரத்து, கழகமே அன்று. அரசின் ஒரு துறை. தொழிலாளர்கள் அரசு ஊழியர்கள். ஆயினும் 2018 அக்டோபர் 16-ஆம் தேதி முதல் 18 நாள்கள் அங்கும் வண்டிகள் நின்றன. 720 தனியார் பேருந்துகளைக் கிலோ மீட்டர் கணக்கில் வாடகைக்கு அமர்த்தும் திட்டத்தை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் அது. பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே முடிந்தது. தங்கள் ஓய்வூதியத்துக்காக அவர்கள் தெருவுக்கு வரவில்லை. தங்களுக்குப் பின் அந்த இருக்கையில் அமரப்போவது யார் என்பதே அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வி இப்போது நாடு முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த "பி.எம். இ-பஸ் சேவா' திட்டத்தின் மதிப்பு 57,613 கோடி ரூபாய். 10 ஆயிரம் மின்சாரப் பேருந்துகள். பொது-தனியார் கூட்டு முறை. பேருந்தை இயக்கும் நிறுவனத்துக்குக் கிலோ மீட்டர் கணக்கில் பணம் தரப்படும். இத்தகைய ஒப்பந்தங்களில் ஓட்டுநர் அந்த நிறுவனத்தின் ஆள். கழகத்தின் ஆள் அல்லர். மகாராஷ்டிரக் கழகம் தனியாக 5,150 மின்சாரப் பேருந்துகளைக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்தது. புகையில்லாத வண்டி வரட்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. பேருந்தின் மேல் கழகத்தின் பெயர் இருக்க, கழகத்தில் ஓட்டுநர் பணியிடம் ஒவ்வொன்றாக மறையும் என்பதே சங்கங்களின் அச்சம். அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

52 நாள்களுக்குப் பிறகு

தெலங்கானாத் தொழிலாளர்கள் எதையும் பெறாமலே போராட்டத்தைக் கைவிட்டனர். நவம்பர் 25-ஆம் தேதி கூட்டு நடவடிக்கைக் குழு வேலைநிறுத்தம் முடிந்தது என்றது. மறுநாள் பணிமனை வாசலுக்கு வந்தவர்களை நிர்வாகம் உள்ளே விடவில்லை. 28-ஆம் தேதிதான் முதல்வர் மனமிரங்கினார். கழகத்துக்கு 100 கோடி ரூபாய் உடனடி உதவியும், கிலோ மீட்டருக்கு 20 பைசா கட்டண உயர்வும் அறிவிக்கப்பட்டன.

டிசம்பர் 1-ஆம் தேதி ஒவ்வொரு பணிமனையிலிருந்தும் தொழிலாளர்களைத் தமது இல்லத்துக்கு வரவழைத்து விருந்தளித்த சந்திரசேகர ராவ், அங்கே அறிவித்தவை கவனிக்கத்தக்கவை. ஓய்வு வயது 58-லிருந்து 60 ஆகும். வேலைநிறுத்த நாள்களுக்கும் ஊதியம் உண்டு. போராட்ட காலத்தில் இறந்தோர் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. பெண் நடத்துநர்களுக்கு இரவு 8 மணிக்கு மேல் பணி கிடையாது. பணிமனைகளில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் கட்டப்படும். இத்தனையும் தந்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டாண்டுகளுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. பணிமனைக்கு இருவர் வீதம் நலக்குழு அமையும் என்றார்.

கழிப்பறைக்காக 52 நாள் போராட்டம் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓய்வறை, உணவகம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று அனைத்தையும் எழுதியே வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தச் சட்டம் கரைந்துவிட்டது. அதே தொகுப்புகளின்படி எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் சேர்ந்து விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று அறிவிக்கப்பட்ட பேருந்துத் துறைக்கு முன்னறிவிப்பு விதி புதிதன்று. இதுவரை அவர்களுக்கு இருந்த கட்டு இப்போது எல்லாருக்கும் வந்திருக்கிறது.

கதை 2019-உடன் முடியவில்லை. இணைப்பு நடக்காது என்று சொன்ன அதே சந்திரசேகர ராவ், தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 2023 ஜூலை 31-ஆம் தேதி அமைச்சரவையைக் கூட்டி 43,373 தொழிலாளர்களை அரசுப் பணியில் சேர்க்க முடிவெடுத்தார். நிதி மசோதா என்பதால் அவையில் அறிமுகம் செய்யவே ஆளுநரின் இசைவு தேவை. அப்போது ஆளுநராக இருந்தவர் தமிழிசை சௌந்தரராஜன். மத்திய அரசின் மூலதனப் பங்கு என்ன ஆகும், கழகத்தின் சொத்துப் பிரிவினை முடிந்ததா, தொழிலாளர்களின் ஓய்வூதியம் எப்படி அமையும் என்று அவர் விளக்கம் கேட்டார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி காலை பேருந்துகளை நிறுத்திவிட்டுத் தொழிலாளர்கள் ராஜ்பவன் நோக்கி அணிவகுத்தனர். இசைவு கிடைத்தது, மறுநாள் மசோதா நிறைவேறியது, செப்டம்பரில் சட்டமானது.

ஆளுநர் தாமதப்படுத்தினார் என்று ஆளுங்கட்சி குற்றம்சாட்டியது. அரசியல் எப்படியிருப்பினும், அவர் கேட்டவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். மூலதனப் பங்கு பற்றிய கேள்வி 2019-இல் மத்திய அரசின் வழக்குரைஞர் உயர் நீதிமன்றத்தில் எழுப்பியதன் மறுபதிப்பு.

டிசம்பரில் ஆட்சி மாறியது. காங்கிரஸ் அரசு பதவியேற்றதும் 9-ஆம் தேதி முதல் பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வண்டிகள் நிரம்பி வழிந்தன. இணைப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்க வேண்டும். அந்த நாளுக்காகத் தொழிலாளர்கள் காத்திருந்தனர். அச்சட்டத்தைச் செயல்படுத்தக் கோரி 2025 ஜனவரியில் கூட்டு நடவடிக்கைக் குழு வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. மே 7-ஆம் தேதி முதல் வண்டிகள் ஓடாது என்றது. முந்தைய நாள் போக்குவரத்து அமைச்சர் பொன்னம் பிரபாகர் பேச்சு நடத்தினார். மூன்று ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைக் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. வேலைநிறுத்தம் தள்ளிவைக்கப்பட்டது. சட்டம் நிறைவேறியதற்கும் அந்தக் குழு அமைந்ததற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டாண்டுகளில் ஓய்வு பெற்றுச் சென்ற ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் பொருந்தியது, 70-ஆல் வகுக்கும் அந்தப் பழைய கணக்குத்தான்.